பொளியக் கொடுத்த செப்புத் துருவி

2006 பெப்ரவரி 14 — 9 பவுண் 15 பென்ஸ்
2008 மார்ச் 6 — 11 பவுண் 40 பென்ஸ்
2010 செப்டெம்பர் 15 — 13 பவுண் 85 பென்ஸ்
2013 மே 22 — 17 பவுண் 20 பென்ஸ்
2016 ஒக்டோபர் 11 — 19 பவுண் 65 பென்ஸ்
2019 செப்டெம்பர் 24 — 41 பவுண் 75 பென்ஸ்

இவை லண்டனிலிருந்து ஜப்பானுக்குப் பொதி அனுப்பிய தபாற்செலவு. பதின்மூன்று வருடம் ஏழு மாதத்தில் ஆறு பொதிகள். முதல் ஐந்துக்கும் கடை காசு கொடுத்தது. ஆறாவதுக்கு மட்டும் பாலாம்பிகை தன் கைப்பையைத் திறந்து கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பதைச் சொல்லவேண்டுமானால் கடையிலிருந்து தொடங்கவேண்டும்.

கடை பிம்லிக்கோவில் இருக்கிறது. விக்டோரியா நிலையத்திலிருந்து பாலாம்பிகையின் நடைக்குப் பதினான்கு நிமிடம், மழை என்றால் பதினாறு. உள்ளே இருப்பதெல்லாம் ஜப்பானியக் கைவேலைச் சாமான்கள். அலங்காரத்துக்கு வைக்கிறவை அல்ல, வீட்டில் நாளாந்தம் புழங்குகிறவை: மண்சட்டி, மூங்கில் வடிதட்டு, இரும்புக் கேத்தில், உட்புறம் வரிவரியாகக் கீறிய அரைக்கும் சட்டி, விளக்குமாறு, பொதி கட்டும் துணி. முதலாளி திருமதி இனாகாகி. ஒல்லியான பெண்மணி, குரல் உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். கடைசியில் ஒரு எண்ணை மட்டும் சொல்வார்.

பாலாம்பிகை 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தவர். சலவைக்கடையில் நான்கு வருடம், பாடசாலைச் சமையலறையில் ஆறு வருடம், பிறகு துப்புரவு வேலை. 2003 செப்டெம்பர் 3, புதன்கிழமை, துப்புரவு ஏஜென்சி அவரை இந்தக் கடைக்கு அனுப்பியது. காலையில் இரண்டு மணித்தியாலம் கூட்டித் துடைத்துவிட்டுப் போவதுதான் ஏற்பாடு.

மூன்றாவது கிழமை அவர் ஒரு வேலை செய்தார். கடையின் பின்னறையில் திருமதி இனாகாகி தினமும் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் இரும்புக் கேத்தில் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார் பாலாம்பிகை. அடியிலும் பக்கத்திலும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படிவு. 'ஐயோ, இந்த மனிசி இதிலேயா தண்ணி குடிக்குது' என்று அவருக்கு இரக்கமாகிவிட்டது. அடுத்த நாளே நோர்பரி வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி பழப்புளியும் தேங்காய்த் தும்பும் கொண்டுவந்து, இருபத்தைந்து நிமிடம் தேய்த்து, கேத்திலின் உள்ளே முகம் தெரியுமளவுக்குத் துலக்கிக் கவிழ்த்து வைத்தார்.

இரும்புக் கேத்திலுக்கு அந்த வெள்ளைப் படிவுதான் உயிர். இரும்பு துருப்பிடிக்காமல் காப்பதும் தண்ணீருக்கு ருசி கொடுப்பதும் அதுதான். வருடக்கணக்கில் கொதிக்கவைத்துத்தான் அது வரும். திருமதி இனாகாகி மூடியைத் திறந்தார், மூடினார். பகல் முழுதும் பேசவில்லை. கடை பூட்டும் நேரத்தில், "ஒன்பது வருடம்" என்றார். பாலாம்பிகைக்குப் புரியவில்லை. பிறகு முதலாளி மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினார். பாலாம்பிகை அழுதேவிட்டார். திருமதி இனாகாகி ஒரு துணியை நீட்டி, பெயரோடு 'சான்' என்ற ஜப்பானிய மரியாதையும் சேர்த்து, "பாலா சான், ஒருமுறை என்றால் அது பாடம்" என்றார்.

அவரை வேலையால் நிறுத்தவில்லை. மாறாக, மூன்று மாதத்தில் துப்புரவிலிருந்து விற்பனைக்கு எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மண்சட்டியோடு வரும் துண்டுத்தாளில் 'முதல்முறை தயவுசெய்து சோற்றுக் கஞ்சி செய்யவும்' என்று விசித்திரமான ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் அப்படிச் சிரித்த ஒருவரிடம், துடைத்துக்கொண்டிருந்த பாலாம்பிகை தலையை நிமிர்த்தி, "சிரிக்காதீர்கள், புதுச்சட்டியைக் கஞ்சி வைத்துத்தான் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும்" என்றார். அந்த மனிதர் சிரிப்பதை விட்டு இரண்டு சட்டி வாங்கிப்போனார்.

அன்றிலிருந்து கடைச் சாமானுக்கெல்லாம் பாலாம்பிகை தன் மனதில் ஒரு சொந்தப் பெயர் வைத்துக்கொண்டார். மூங்கில் வடிதட்டு சுளகு, அரைக்கும் சட்டி மண் அம்மி, பொதித்துணி பொட்டளித்துணி. ஆமை வடிவத்தில் முறுக்கிய சட்டி தேய்க்கும் பிரஷ் ஒன்று ஏழு பவுண் விற்றது. பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் 'தும்பு: இலங்கை' என்று கண்டபோது அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவருக்குக் காட்டினார்.

கணவர் பாலேந்திரா. இருபத்தெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர்.

"ஏழு பவுணோ? எங்கட தும்புக்கோ?" என்றார் அவர். "அது ஜப்பானுக்குப் போய் முறுக்கிக்கொண்டு வந்திருக்கு, அதுதான் விலை கூட. நான் இஞ்ச நேர வந்தனான், என்னை ஆர் மதிக்கினம்?"

செப்புத் துருவி 2006இல் வந்தது. புதிது அல்ல, தேய்ந்தது. ஜனவரி 19, வியாழக்கிழமை, மரினா என்ற இத்தாலியச் சமையல்காரி அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளங்கை இரண்டு அளவான செப்புத் தகடு, மேலே ஈயம் பூசியது, குட்டையான கைப்பிடி. முன்பக்கம் முள்ளங்கி துருவப் பெரிய பல், பின்பக்கம் இஞ்சி துருவச் சின்னப் பல். ஒவ்வொரு பல்லும் கையால், சிற்றுளி வைத்துத் தட்டி எழுப்பியது. பல்லெல்லாம் மழுங்கிவிட்டது, இனிப் பயனில்லை, புதிது ஒன்று வேண்டும் என்றார் மரினா.

புதிது வேண்டாம், செய்த பட்டறைக்கே திருப்பி அனுப்பினால் பழைய பல்லைத் தட்டி மட்டமாக்கி, மறுபடி ஈயம் பூசி, புதுப் பல் எழுப்பித் தருவார்கள் என்று திருமதி இனாகாகி விளக்கினார். மரினாவுக்கு அது ஏறவில்லை. அறுந்த செருப்பை ஜப்பானுக்கு அனுப்பச் சொன்னது போலப் பார்த்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பாலாம்பிகைக்கு மனதில் பளிச்சென்றது: 'அட, இது அம்மி பொளியிறதுதானே!'

அம்மி தேய்ந்து வழுவழுப்பானால் மிளகாய் அரைபடாது, வழுக்கும். உளியால் கொத்தி மறுபடி சொரசொரப்பாக்குவார்கள். அதற்குப் பெயர் பொளிதல். பாலாம்பிகை மேசையில் கையை வைத்துத் தேய்த்துக் காட்டி, சுட்டுவிரலால் தட்டித் தட்டித் தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "கல்லு கிழவி, அரையாது. மனுசன் வருவான், டக் டக் டக். கல்லு குமரி."

மரினா வாய்விட்டுச் சிரித்தார். துருவியை விட்டுவிட்டுப் போனார். அதோடு இன்னும் மூவரின் துருவிகள் சேர, பெப்ரவரி 14ஆம் தேதி முதல் பொதி போனது. தாளில் எத்தனை துருவி, யாருடையது என்று திருமதி இனாகாகி ஜப்பானிய மொழியில் எழுதிவைப்பார். மூன்று மாதத்தில் பட்டறைக்காரர் மொரிஷிகே கைப்பட எழுதிய கடிதத்தோடு பொதி திரும்பும். கடிதத்தைத் திருமதி இனாகாகி வாசித்துச் சொல்வார். 'மூன்றாவது துருவிக்காரர் எலுமிச்சைத் தோல் அதிகம் துருவுகிறார், கழுவித் துடைக்கச் சொல்லுங்கள்' என்பது போல இருக்கும். பொதி கட்டுவது பாலாம்பிகையின் பொறுப்பு. கடையில் இடம் போதாது என்று அவர் துருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துக் கட்டுவார். கட்டும்போது ஒரு தேவாரத்தை முணுமுணுப்பார். கடையிலும் அப்படித்தான்.

வீட்டில் அந்த வேலைக்கு அவர் சொன்னதும் அந்த ஒரே சொல்தான்.

"இந்த முறை ஆறு துருவி பொளியக் குடுக்கிறம்."

"செம்பையோ? செம்பை ஆரப்பா பொளியிறது?"

"ஜப்பானில பொளியினம்."

பாலேந்திராவுக்கு இந்த விஷயத்தில் மனத்தாங்கல் உண்டு. 1998இல் முப்பத்தொரு கிலோ எடையுள்ள அம்மி ஒன்றைக் கப்பலில் இறக்கியவர் அவர். வருடா வருடம் தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மியைத் தானே பொளிவார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று இரண்டு முறை கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறார். பஸ்ஸை எப்படி வெள்ளைக்கோட்டுக்குள் ஓட்டினாரோ அப்படித்தான் உளியும். அடித்த அடி ஒன்றும் வரிசை விலகாது.

"பொளியிறதுக்கு ஜப்பானுக்கு அனுப்பிறியள்," என்பார் ஒவ்வொரு பொதிக்கும். "நோர்பரியில ஒருத்தன் உளியோட இருக்கிறான், கண்ணில படேல்லையோ?"

"நீங்கள் அம்மியைப் பாருங்கோ," என்பார் பாலாம்பிகை. அதற்கு மேல் அவர் விளக்கியதில்லை.

2019 செப்டெம்பர் 17, செவ்வாய்க்கிழமை, திருமதி இனாகாகி தேநீர் ஊற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். ஜப்பானில் தமக்கைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. டிசம்பர் 2ஆம் தேதி போய் மார்ச் முடிவில் திரும்புவார். நான்கு மாதமும் கடையைப் பூட்டலாம், அல்லது பாலா சான் சாவியை வைத்துக்கொண்டு நடத்தலாம். கடை திறந்த இத்தனை வருடத்தில் அந்தச் சாவி வேறு யார் கைக்கும் போனதில்லை.

பாலாம்பிகை, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றுதான் ஆங்கிலத்தில் சொன்னார். ரயிலில் நோர்பரி வரும்வரை ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். சலவைக்கடையிலும் பாடசாலையிலும் அவருக்கு யாரும் ஒரு அலுமாரிச் சாவிகூடத் தந்ததில்லை. அறுபத்தொரு வயதில் ஒரு கடையின் சாவி. அது அவருக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்த வருடத்துப் பொதிக்கான நான்கு துருவிகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் திருமதி இனாகாகி கொடுத்தார். துணியில் சுற்றியிருந்தது.

"இது என் அம்மாவுடையது. அவர் எனக்குக் கொடுத்து நாற்பத்தொரு வருடம். இதுவரை பொளியக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த முறை இதையும் வையுங்கள்."

ஆம், பொளிய என்றே சொன்னார். அந்த ஒரு தமிழ்ச் சொல் அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, பாலாம்பிகை பிளேஸ்டோவில் இருக்கும் மகள் விதுஷாவின் வீட்டுக்குப் போனார். துருவிகள் ஐந்தும் சாப்பாட்டு மேசையில் இருந்தன. மாலை ஆறு இருபதுக்குத் திரும்பி வந்தபோது, பாலேந்திரா கதவடியிலேயே நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

"இஞ்சரும், கண்ணை மூடும்."

"என்னப்பா விளையாட்டு? கால் நோகுது."

"மூடும் எண்டுறன்."

மூடித் திறந்தபோது கணவரின் இரண்டு கையிலும் ஒரு செப்புத் தகடு இருந்தது. இருந்ததில் ஆகத் தேய்ந்ததை அவர் தெரிந்தெடுத்திருந்தார். பலகைக் கட்டையில் வைத்து, உளியாலும் சுத்தியலாலும் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் வேலை செய்திருந்தார். பதினாறு வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று குழி. மொத்தம் இருநூற்றெட்டு. அம்மி போலவே இருந்தது. முன்பக்கம் அடித்த ஒவ்வொரு அடியும் பின்பக்கம் பரு போலப் புடைத்து நின்றது.

பாலாம்பிகை கைப்பையோடு மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆற்ற எண்டு தெரியுமே உங்களுக்கு?"

"ஆற்ற எண்டாலென்ன, வேலை சுத்தம். ஒரு கோடு விலகேல்லை, பாரும்."

"அதுதானப்பா பிழை!"

"நேரா இருக்கிறது பிழையோ? இதென்ன புதுக்கதை?"

"இது மிசஸ் இனாகாகியின்ர தாயின்ர."

பாலேந்திராவின் முகம் விழுந்தது. துருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சண்டை பிடிக்கிற குரலில் அல்ல, உண்மையாகவே விளங்காத குரலில் கேட்டார்:

"நீர்தானே பதின்மூண்டு வருசமாப் பொளியிறது, பொளியிறது எண்டு சொன்னனீர்?"

பாலாம்பிகை துருவியை வாங்கி மடியில் வைத்தார். சொல் அவருடையது. கல்லில் பொளிந்தால் குழி விழவேண்டும், செம்பில் பொளிந்தால் பல் எழவேண்டும். அது அவருக்குத் தெரியும். பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் அதைக் கணவருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

விதுஷாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹெர்," என்றாள் மகள். "ஷி லவ்ஸ் யூ, அம்மா."

"அது தெரியும் பிள்ளை. கேத்தில் தேய்ச்ச நேரமும் விருப்பமாத்தான் இருந்தவ. ஒருமுறை எண்டால் பாடம் எண்டு சொன்னவ. இது ரண்டாம்முறை."

"ஸோ வாட்?"

"ரண்டாம்முறைக்கு என்னவெண்டு அவ சொல்லேல்லையே."

பழைய பல்லைத் தட்டி மட்டமாக்குகிறவர்களுக்கு இந்தக் குழியைத் தட்டி மட்டமாக்கத் தெரியாதா என்ற நம்பிக்கைதான் மிச்சம். பொதியில் வைக்கவேண்டிய தாளைத் திருமதி இனாகாகி ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் குழியைப் பற்றி ஒன்றும் இல்லை. பாலாம்பிகைக்கு ஜப்பானிய மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆகையால் படம் வரைந்தார். இடப்பக்கம் ஒரு அம்மி, குழவி. நடுவில் உளியும் சுத்தியலும் பிடித்த மனிதர், மொட்டைத்தலை. வலப்பக்கம் துருவி. கீழே கைகூப்பித் தலைகுனிந்த ஒரு பெண்.

பாலேந்திரா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இவ்வளவு மொட்டையோ?"

"வாயை மூடிக்கொண்டு டேப்பை வெட்டித் தாங்கோ."

செவ்வாய்க்கிழமை, ஐந்து துருவிகளையும் விரைவுப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கடை தந்த தபாற்காசைத் திருப்பிக் கல்லாவில் போட்டுவிட்டார். தவறு வீட்டில் நடந்தது, செலவும் வீட்டோடு போகட்டும் என்பது அவர் நியாயம்.

சொல்லிவிடவேண்டும் என்று அடுத்த நாளே கடைக்குப் போனார். திருமதி இனாகாகி டிசம்பர் மாதத்துக்கு வரவேண்டிய சாமான்களைப் புதிய குறிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். அட்டையில் 'பாலா சான்' என்று இருந்தது. அன்று சொல்ல வாய் வரவில்லை. ஒக்டோபர் 9ஆம் தேதி தொடங்கினார், வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார். நவம்பர் 5ஆம் தேதி, "மிசஸ் இனாகாகி" என்று கூப்பிட்டார். "என்ன?" என்று அவர் நிமிர்ந்தபோது, "பொதித்துணி நீலம் முடிஞ்சுது" என்றார். முடியவில்லை, பதினொன்று இருந்தது.

நவம்பர் 21, காலை பதினொன்று நாற்பதுக்குப் பொதி வந்தது. திருமதி இனாகாகி வங்கிக்குப் போயிருந்தார். பாலாம்பிகை கையெழுத்து வைத்து வாங்கி, பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்.

நான்கு துருவி வழக்கம்போல. ஐந்தாவதைக் கடைசியாகத் துணியிலிருந்து எடுத்தார். வெள்ளைவெளேரென்று ஈயம், பல் ஒவ்வொன்றும் புதிது. குழி ஒன்றும் இல்லை, புடைப்பும் இல்லை. கைப்பிடிக்குக் கிட்ட மூலையில் மட்டும் சின்னதாக மூன்று புள்ளிகள், நேர்வரிசையில். பட்டறை முத்திரை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். நடந்ததற்குச் சாட்சி அந்த மூன்று புள்ளியும், தனியாக மடித்து வைத்த கடிதமும்தான்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவரால் வாசிக்க முடியாது. ஆனால் அதற்குள் அவர் வரைந்த படமும் மடித்து வைத்திருந்தது தெரிந்தது. கைப்பை ஆணியில் தொங்கியது. கடிதத்தை அதற்குள் போட்டால் முடிந்தது. துருவி முன்னைவிட நன்றாக இருக்கிறது. சாவி பதினொரு நாளில் கைக்கு வரும். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

பாலாம்பிகை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரும்புக் கேத்திலைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். பதினாறு வருடத்தில் வெள்ளைப் படிவு முழுதாகத் திரும்ப வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அவர்கள் இரண்டு பேரும் அதில் தேநீர் குடித்து வந்த படிவு.

திருமதி இனாகாகி வந்தபோது, துருவியும் கடிதமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் துருவியைத்தான் முதலில் எடுத்தார். விரல்நுனியால் பல்லைத் தடவி, சிறு பிள்ளை போல மகிழ்ந்தார்.

"முதலில் கடிதத்தை வாசியுங்கள்," என்றார் பாலாம்பிகை.

"தேநீருக்குப் பிறகு."

"இல்லை. இப்போது."

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை உட்காரவைத்தது. வாசித்தார். படத்தை விரித்துப் பார்த்தார். மறுபடி கடிதத்தை வாசித்தார். மடித்து வைத்தார். பேசவில்லை. பாலாம்பிகை ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். தன் சொல்லால் வந்தது என்பதையும் சொன்னார். சொல்லி முடித்ததும் ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தார்.

"நாற்பத்தொரு வருடம்," என்றார் திருமதி இனாகாகி.

"ஓம்," என்றார் பாலாம்பிகை. ஆங்கிலம் மறந்துவிட்டது.

"ஏன் என்னிடம் அன்றே சொல்லவில்லை?"

"கேத்தில்."

"கேத்திலா?"

"ஒருமுறை என்றால் பாடம் என்று சொன்னீர்கள். இரண்டாம்முறைக்கு என்ன என்று சொல்லவில்லை."

திருமதி இனாகாகி அவரை நிமிர்ந்து பார்த்தார். "பொதி போன நாளிலிருந்து நீங்கள் கடையில் பாடவில்லை. ஐம்பத்தெட்டு நாள். கால்நோவு கூடிவிட்டது, நான் போனால் தனியாக எப்படி நிற்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்." பிறகு கடிதத்தை மறுபடி விரித்தார். "இவர் எழுதியிருப்பதைக் கேளுங்கள்."

ஒவ்வொரு வரியாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஐந்து துருவிகளும் வந்து சேர்ந்தன. ஐந்தாவதைக் கண்டு பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கூடினோம். இருநூற்றெட்டு அடி எண்ணினோம். எல்லாம் ஒரே ஆழம். செம்பு பழகாத கை, ஆனால் கல் பழகிய கை என்று என் மகள் சொன்னாள். படத்தைப் பார்த்ததும் விளங்கியது. எங்களிடமும் திரிகைக் கல்லைக் கொத்துவதற்கும் துருவிக்குப் பல் எழுப்புவதற்கும் ஒரே சொல்தான். ஆகையால் சொல்லில் பிழை இல்லை."

அந்த இடத்தில் பாலாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. திருமதி இனாகாகி நிறுத்தவில்லை.

"வரிசைதான் மிகவும் நேராக இருந்தது. பல் கொஞ்சம் கோணலாகப் போனால்தான் முள்ளங்கி வழுக்காது. மட்டமாக்கி, ஈயம் பூசி, வழமைபோல் செய்திருக்கிறேன். ஆனால் கேட்காமல் இன்னொருவர் வேலையை முழுவதும் அழிப்பது சரியில்லை என்று தோன்றியது. கைப்பிடிக்குக் கிட்ட அவருடைய மூன்று குழியை விட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புங்கள், இலவசமாக எடுத்துவிடுகிறேன். ஒன்று அறிய விரும்புகிறேன்: அந்தக் கல்லைக் கொத்திய பிறகு முதலில் எதை அரைப்பீர்கள்? மகளின் மின்னஞ்சல் கீழே இருக்கிறது."

திருமதி இனாகாகி துருவியை வெளிச்சத்தில் பிடித்து மூன்று புள்ளியையும் பார்த்தார். படத்திலிருந்த மொட்டைத்தலையில் விரலை வைத்தார்.

"இவர்தானா?"

"அவரேதான்."

"உண்மையில் இவ்வளவு மொட்டையா?"

"இன்னும் கூட."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் சிரித்தார். தோள் குலுங்கியது. சிரித்து ஓய்ந்ததும், "புள்ளி இருக்கட்டும், அனுப்பவேண்டாம்" என்றார். "இரண்டாம்முறைக்கு என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? இரண்டாம்முறை என்றால் உடனே சொல்லவேண்டும். அவ்வளவுதான். சாவியைச் சனிக்கிழமை தருகிறேன். ஒரு நிபந்தனை. உங்கள் கணவர் கடைக்கு வரலாம், சுத்தியலோடு வரக்கூடாது."

அவிழ்த்த ஏப்ரனை அவரே வந்து பின்னால் கட்டிவிட்டார்.

அன்று மாலை பாலேந்திரா முழுக்கதையையும் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். 'கல் பழகிய கை' என்ற இடத்தை மூன்றாம் முறையும் கேட்டார்.

"பாத்தீரே, ஜப்பான்காரன் சொல்லிப்போட்டான்."

"கோணலா அடிக்கத் தெரியாது எண்டும் சொல்லியிருக்கிறார்."

"கோணலா அடிக்கிறதுக்கு என்னத்துக்கு ஒரு தொழிலாளி? அதை நீரே அடிக்கலாம்."

ஆனாலும் கேள்விக்குப் பதிலை யோசித்துத்தான் சொன்னார். அம்மி பொளிந்தால் முதலில் பச்சை அரிசியை அரைத்துக் கொட்டவேண்டும், கல்தூள் அதோடு போய்விடும், பிறகு உப்பு, அதற்குப் பிறகுதான் மிளகாய். அதைத் திருமதி இனாகாகி ஜப்பானிய மொழியில் ஆக்கி, நவம்பர் 25ஆம் தேதி மொரிஷிகேயின் மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். அடுத்த நாளே பதில், பட்டறையின் நான்கு படங்களோடு வந்தது. அதன்பின் இரு பக்கமும் அந்த வழிக்குப் பழகிவிட்டார்கள்.

டிசம்பர் 2ஆம் தேதி திருமதி இனாகாகி புறப்பட்டார். நான்கு மாதத்துக்கென்று கொடுத்த சாவி, உலகம் முழுதும் கதவடைத்த காரணத்தால், 2021 ஒக்டோபர் 2 வரை இருபத்திரண்டு மாதம் பாலாம்பிகையின் கைப்பையில் இருந்தது. கடை பூட்டிக் கிடந்த காலத்திலும், போக அனுமதி இருந்த ஒவ்வொரு கிழமையும் ஒருநாள் அவர் பிம்லிக்கோ போனார். ரயிலில் போக விதுஷா விடவில்லை, பாலேந்திரா காரில் கொண்டுபோனார். பாலாம்பிகை உள்ளே போய், விளக்கைப் போட்டு, துருவிகளையும் கத்திகளையும் துடைத்து, இரும்புக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைப்பார். கொதிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும், படிவு உதிரும். இரண்டு கோப்பை ஊற்றி, ஒன்றை வெளியே காருக்குக் கொண்டுவருவார்.

"உள்ள வாங்கோவன், குளிருது."

"சுத்தியல் டிக்கிக்குள்ள இருக்கு. சட்டம் எண்டால் சட்டம்."

திருமதி இனாகாகி திரும்பி வந்த அன்று முதலில் கேத்திலின் மூடியைத்தான் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, சாவிக்குக் கை நீட்டவில்லை. தனக்கென்று வேறொரு சாவி வெட்டிக்கொண்டார். இன்றைக்கும் கடைக்கு இரண்டு சாவிகள்.

மொரிஷிகே தாளில் கைப்பட எழுதியவற்றை எல்லாம் பாலாம்பிகை வீட்டில், சாமித்தட்டுக்குக் கீழ் இருக்கும் இழுப்பறையில், தான் வரைந்த படத்தோடு வைத்திருக்கிறார். ஆறு பொதிக்கும் ஆறு கடிதங்கள். உறையின் மேல் வந்த தேதியை அவரே பென்சிலால் எழுதியிருக்கிறார். கடைசிக் கடிதத்தின் உறையில் இருப்பது: 2019 நவம்பர் 21, வியாழக்கிழமை.